ஒரு சொட்டுகூட இல்லை

கெய்ரோவின் அக்டோபர் மேம்பாலத்தில், நட்டநடுவில், ஆகஸ்ட் மாத வெயிலில், சப்ரியின் கார் மூன்றாவது முறையாகக் கொதித்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதைப் பார்த்தும் அவர் உடனே வண்டியை ஓரங்கட்டவில்லை. முள் பொய் சொல்கிறதோ என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மறைத்துவிட்டது.

பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஹாரன் அடித்தால் நின்ற வண்டி ஓடிவிடும் என்று கெய்ரோவில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மைக்ரோபஸ் டிரைவர் ஒருவர் மட்டும் பக்கத்தில் நிறுத்தி, ஒரு பாட்டில் தண்ணீரை ஜன்னல் வழியே நீட்டி, ஊர் வழக்கப்படி மரியாதையாக 'பாஷா' போட்டுக் கேட்டார்.

"பாஷா, தண்ணி ஒழுகுதா? கீழ குனிஞ்சு பார்த்தீங்களா?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

"அப்புறம் தண்ணி எங்கதான் போகுது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றார் சப்ரி. கேட்ட தொனியைப் பார்த்தால், அந்த டிரைவரே குடித்துவிட்டாரோ என்று தோன்றும். நல்லது செய்ய வந்தவர் முகம் சுருங்கிப்போய், பாட்டிலைத் திருப்பி வாங்காமலே கிளம்பிவிட்டார்.

சப்ரியைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் பிழைப்பே சந்தேகப்படுவதுதான். குடிநீர் அலுவலகத்தில், திருட்டு இணைப்பைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருபத்தாறு வருஷம். எந்தக் கட்டடத்துக்குப் போய் மீட்டரையும் குழாயையும் ஒப்பிட்டுப் பார்த்தாலும், வீட்டுக்காரர் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "எங்கேயோ ஒழுகுது சார்." சுவருக்குப் பின்னால் தோண்டினால் ஒழுகலும் இருக்காது, ஒன்றும் இருக்காது, பக்கத்து வீட்டுக்குப் போகும் தனிக்குழாய் ஒன்று பளபளவென்று இருக்கும். இப்படியே பார்த்துப் பார்த்து, தண்ணீர் குறைந்தால் எவனோ எடுக்கிறான் என்பது அவர் மண்டையில் ஊறிப்போன கணக்கு. ஒழுகல் என்பது திருடர்கள் கண்டுபிடித்த சொல் என்றே அவர் முடிவுகட்டியிருந்தார்.

வண்டி ஆறும்வரை பாலத்துக் கைப்பிடிச் சுவரின் நிழலில் நின்றார். பிறகு டிரைவர் கொடுத்த தண்ணீரை ஊற்றி, உருட்டிக்கொண்டு மெக்கானிக் உஸ்தா ஷஹாத்தாவின் பட்டறைக்குப் போனார். ஷஹாத்தா கை முழுக்க கிரீஸோடு பானெட்டுக்குள் தலையை விட்டுப் பத்து நிமிஷம் தேடினார்.

"மேல எங்கேயும் ஈரம் தெரியல பாஷா. நிறுத்துற இடத்துல கீழ ஏதாவது?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

"நிச்சயமா?"

"நான் என்ன குருடனா?"

"அப்ப உள்ளதான் குடிக்குது. ஹெட் கேஸ்கட் போயிருக்கும். என்ஜினைப் பிரிச்சுதான் பாக்கணும்."

சப்ரி உதட்டைச் சுழித்தார். "நான் வாசல்ல கால் வைக்கும்போதே பிரிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கே."

ஷஹாத்தா இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தவர். கோபப்படாமல் கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, வண்டி எங்க நிக்கும்? தார் ரோடா, மண்ணா?"

"தெருவுல. இஸ்திரிக் கடை வாசல்ல. தரை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும், கடைக்காரர் தினமும் ரெண்டு வேளை வாளித் தண்ணி தெளிப்பார்."

ஷஹாத்தா சிரித்தே விட்டார். "அட என் ராசா! ஈரத் தரையில நின்னுக்கிட்டு ஒரு சொட்டு இல்லன்னு சத்தியம் பண்றீங்களே! அவரை ஒரு வாரம் தெளிக்க வேண்டாம்னு சொல்லுங்க. காஞ்ச தரையில பாருங்க. வண்டியை நிறுத்தி அரை மணிக்குள்ள பாக்கணும், சூடு ஆறும்போதுதான் சில குழாய் கசியும். கேக்குதா?"

கேட்கவில்லை. 'தெளிக்க வேண்டாம்னு சொல்லுங்க' என்ற இடத்திலேயே சப்ரியின் மனசு இஸ்திரிக் கடைக்குப் போய்விட்டது. தினமும் ரெண்டு வேளை. தன் வண்டி நிற்கும் இடத்தில். எதற்கு அவ்வளவு தண்ணீர்? எதை மறைக்க?

ஷஹாத்தா என்ஜினைக் குளிரவைக்கும் பச்சை நிறக் கூலன்ட்டை ரேடியேட்டரில் ஊற்றி நிரப்பினார். மிச்சத்தைக் கேனோடு கொடுக்கும்போது, "இது இனிப்பா இருக்கும், ஆனா விஷம். பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க" என்றார். சப்ரி வீட்டுக்கு வந்ததும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் வீட்டில் பிள்ளைகள் இல்லை, பூட்டியது திருடனுக்காக.

*

ஷுப்ரா பேட்டையில் சப்ரி குடியிருந்த சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சப்ரிக்கு மட்டும் பதினெட்டு வருஷமாக ஒரு நாளும் இடம் தவறியதில்லை. காரணம் தவ்வாப். இஸ்திரிக் கடைக்காரர். தினமும் சப்ரி வேலைக்குக் கிளம்பியதும், மூன்று காலில் நிற்கும் ஒரு மர நாற்காலியை அந்த இடத்தில் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிடுவார். யார் வந்து கெஞ்சினாலும், "அது நம்ம சப்ரியோட இடம்பா" என்று ஒரே பதில். மூன்று மணிக்கு வெள்ளைக் கார் சந்தில் திரும்பியதும் நாற்காலி உள்ளே போகும். இதற்கு அவர் ஒரு நன்றிகூட எதிர்பார்த்ததில்லை. சப்ரி சொன்னதும் இல்லை.

தவ்வாப்புக்கு அறுபது வயசு, ஒண்டிக்கட்டை. கூட இருப்பது பஸ்பூஸா என்ற பூனை. அந்தப் பேரில் விற்கும் ரவை இனிப்பின் பழுப்பு நிறத்திலேயே இருப்பாள். மடித்து வைத்த துணி சூடாக இருக்கும் அலமாரியைத் தவிர வேறெங்கும் படுக்கமாட்டாள். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் தவ்வாப் ஒரு தகர வாளியோடு வெளியே வந்து, கையால் அள்ளி அள்ளித் தெருவில் வீசுவார். தூசி அடங்கும், சூடு தணியும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகள் தப்பிக்கும். சந்தில் பெயர்ந்துபோன ஒரு கல் இருந்த பள்ளம், சப்ரியின் வண்டி நிற்கும் இடத்துக்குச் சரியாகக் கீழே. அதில் எப்போதும் அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கும். தெருப் பூனைகளுக்கு அதுதான் குளம். சப்ரியின் மனைவி இன்ஷிராஹ் பால்கனியிலிருந்து ரொட்டித் துண்டையும் கோழித் தோலையும் போடுவாள். தின்றுவிட்டு எல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் போகும்.

சப்ரி முலூக்கியாக் கீரையும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் தன் ஆராய்ச்சியைச் சொன்னார்.

"ஆவி வர்ற இஸ்திரிப் பெட்டி வாங்கியிருக்கார் தெரியுமா? அதுக்குச் சுத்தமான தண்ணி வேணும். குழாய்த் தண்ணி ஊத்தினா உப்பு அடைச்சுக்கும்."

"அதுக்கு?"

"என் ரேடியேட்டர்ல இருக்கிறது சுத்தமான தண்ணி."

இன்ஷிராஹ் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, உங்க ரேடியேட்டர்ல இருக்கிறது பச்சைத் தண்ணி. அதை ஊத்தி இஸ்திரி போட்டா இந்தச் சந்தே பச்சைச் சட்டையில்ல போட்டுக்கிட்டுத் திரியணும்?"

"நீ சிரி. எடுக்கிறவன் உடனே பயன்படுத்தணும்னு சட்டம் இருக்கா? விக்கலாம்ல?"

அவள் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். இருபத்துநாலு வருஷத்தில் அவளுடைய தங்கை, தையற்காரி, பல் டாக்டர், ரொட்டிக் கடைக்காரர் எல்லோரும் இந்தத் தட்டுக்கு முன்னால் குற்றவாளிக் கூண்டில் நின்றுவிட்டுப் போனவர்கள்தான்.

மறுநாள் காலையில் சப்ரி இஸ்திரிக் கடைக்குப் போனார்.

"தவ்வாப் அண்ணே, ஒரு வாரம் இந்தத் தண்ணி தெளிக்கிறதை நிறுத்துங்க."

"ஏன் தம்பி?"

"என் வண்டியில தண்ணி குறையுது. தரை காஞ்சிருந்தாத்தான் எனக்கு உண்மை தெரியும்."

"ஒழுகுதான்னு பாக்கவா?"

"ஒழுகலன்னு பாக்க" என்றார் சப்ரி.

தவ்வாப் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அர்த்தம் புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு வலி வந்து போனது. "சரி, நிறுத்திடுறேன். தூசி பறந்தா வாடிக்கைக்காரங்க என்னைத்தான் திட்டுவாங்க. பரவாயில்ல, ஒரு வாரம்தானே" என்று சொல்லி வாளியைக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கும் நாற்காலியைப் போட்டு இடம் பிடித்து வைத்தார்.

*

திருடன் ஆளில்லாத நேரத்தில்தானே வருவான்? ஆகவே சப்ரி தினமும் விடிந்ததும் விடியாததுமாக, பாங்கு சொல்லி முடிப்பதற்குள் கீழே இறங்கி வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். முதல் நாள் தரை காய்ந்து கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. பள்ளத்தில்கூட ஈரம் இல்லை. பானெட்டைத் திறந்து டப்பாவைப் பார்த்தால் கூலன்ட் இரண்டு விரல் குறைந்திருந்தது.

வண்டியை நிறுத்திய அரை மணி நேரத்தில் பார்க்கச் சொல்லியிருந்தார் ஷஹாத்தா. அந்த அரை மணி நேரத்தில் சப்ரி சாப்பிட்டுவிட்டு, ஜன்னலை மூடி, மின்விசிறிக்குக் கீழே ஆறு மணிவரை குறட்டை விடுவார். அந்தத் தூக்கத்தை அவர் யாருக்காகவும் விட்டதில்லை.

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "காஞ்ச தரை. ஒரு சொட்டுகூட இல்ல. ஆனா தண்ணி குறையுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பூட்டிய அலமாரியைத் திறந்து, கேனிலிருந்து ஊற்றி நிரப்பினார்.

மூன்றாம் நாள் ஒற்றைக்கண் கறுப்புப் பூனை சந்தின் நடுவில் குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு போனது. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் அது மாடிப்படிக்குக் கீழே விறைத்துக் கிடந்தது. அதற்கடுத்த நாள் கறிக்கடை வாசலில் இரண்டு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிறவர்கள் காலில் இடறியது, இன்ஷிராஹ் குட்டியிலிருந்து சோறு போட்டு வளர்த்த வரிப்பூனை.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வாயில்லாத ஜீவனுக்கு விஷம் வைக்கிறவனை அந்தச் சந்து மன்னிக்காது. தேநீர்க் கடையில் அதே பேச்சு. பெண்கள் பால்கனிக்குப் பால்கனி அதையே பேசினார்கள். இன்ஷிராஹ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "என் கையால போட்ட சோத்துல எவனோ விஷம் கலந்துட்டானோ" என்று அழுதாள்.

அவள் அழுததைப் பார்க்கப் பார்க்க சப்ரிக்கு எரிந்தது. அவருக்கு மனைவி மேல் உண்மையிலேயே பிரியம் உண்டு. அதில் பொய் இல்லை. அந்தக் கோபமும் பழைய சந்தேகமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதுதான் வினை. சனிக்கிழமை சாயங்காலம், தேநீர்க் கடை நிறைந்திருந்த நேரம் பார்த்து, பால்கனிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"இந்தச் சந்துல வெள்ளைத் துணியில பூனை முடி ஒட்டுதேன்னு கவலைப்படுறது யாரு? கறை எடுக்கிற மருந்தெல்லாம் பாட்டில் பாட்டிலா வச்சிருக்கிறது யாரு? நான் தண்ணி தெளிக்க வேண்டாம்னு சொன்ன நாள்ல இருந்து பூனை சாகுது! என் மேல இருக்கிற ஆத்திரத்தை என் பொண்டாட்டி வளர்த்த பூனை மேல காட்டுறது யாரு? நான் பேர் சொல்ல மாட்டேன்!"

பேர் சொல்லத் தேவையே இல்லை. எல்லாத் தலையும் இஸ்திரிக் கடைப் பக்கம் திரும்பிவிட்டது.

தவ்வாப் கையில் இஸ்திரிப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். "சப்ரி, நானே பூனை வளர்க்கிறவன்டா."

"அதைத்தான் நானும் கேக்குறேன்! ஊர்ப் பூனையெல்லாம் சாகுது, உங்க பூனை மட்டும் எப்படிப் பத்திரமா இருக்கு?"

பஸ்பூஸா கடைக்குள்ளேயே தவ்வாப் வைத்த கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பவள், வெளியே இறங்காதவள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேள்வி கேட்கப்பட்ட விதத்தில் அந்தப் பதில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அன்றைக்கே இரண்டு வீட்டுக்காரர்கள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மூன்று நாளில் கடைக்கு ஒரு சட்டைகூட வரவில்லை. ஒரு வாரக் கெடு முடிந்தும் தவ்வாப் கவிழ்த்த வாளியை நிமிர்த்தவில்லை. தேநீர்க் கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியானது. யாரோ ஷட்டர் மேல் கரியால் 'கொலைகாரன்' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை காலை தவ்வாப் ஒரு பையும் கூடையுமாக மாடி ஏறி வந்தார். கதவைத் திறந்தது சப்ரி.

"நான் தன்த்தாவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்க பூனைக்கு இடமில்ல. இவளை இன்ஷிராஹ் பாத்துக்கட்டும்" என்று கூடையை நீட்டினார். "நீ பெரிய ஆராய்ச்சிக்காரன்ல சப்ரி? இதையும் ஆராய்ச்சி பண்ணு. நான் போன பிறகு இந்தச் சந்துல ஒரு பூனையும் சாகலன்னா, கொன்னது நான்தான்னு வச்சுக்கோ. நான் திரும்பி வரமாட்டேன். ஒண்ணு செத்தாலும், எனக்குச் சொல்லி அனுப்பு."

சப்ரி கூடையை வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போது தவ்வாப் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "நாற்காலியை உள்ள வச்சுப் பூட்டிட்டேன். இனிமே இடத்துக்கு நீயே பாத்துக்க."

*

பஸ்பூஸாவைக் கடைசிவரை கூடைக்குள் வைக்க முடியவில்லை. மூடிய ஷட்டர் முன்னால் போய் உட்காருவதே அவளுக்கு வேலையாகிவிட்டது. இன்ஷிராஹ் மடியில் போட்டுத் தூக்கிவருவாள். கதவு திறந்த மறுநிமிஷம் மறுபடி கீழே. தினமும் நாலு மணிக்கு தவ்வாப் ஃபோன் செய்வார், இன்ஷிராஹ்விடம் ஒரே கேள்வி கேட்பார்: "தண்ணி குடிச்சாளா?" குடித்தாள் என்பாள் அவள். வைத்துவிடுவார்.

ஒரு வாரம் ஆயிற்று. பூனை எதுவும் சாகவில்லை. சாவதற்குச் சந்தில் தெருப் பூனையே மிச்சமில்லை என்பதை சப்ரி யோசிக்கவில்லை. "பார்த்தியா? ஆள் போனதும் எல்லாம் நின்னுபோச்சு" என்று தேநீர்க் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலி இல்லாவிட்டாலும் பழைய பழக்கத்தில் அவர் இடத்தில் வேறு யாரும் வண்டி நிறுத்தவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் மட்டும் முன்போலவே குறைந்துகொண்டிருந்தது. அதற்கு இன்னொரு ஆளைத் தேட வேண்டும் என்று, எதிர்வீட்டுக் கல்லூரிப் பேராசிரியரைக் கொஞ்ச நாளாகக் கவனித்துவந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றதும் சப்ரிக்கு முழிப்பு வந்துவிட்டது. மணி மூன்றரை. இன்ஷிராஹ் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அவருடைய வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

'அங்க என்ன பண்ணுறா?' என்று தோன்றியது. முந்தின நாள் பஸ்பூஸா நடையில் ஒரு தடுமாற்றம் தெரிந்ததும், "வெயிலுக்குத்தான்" என்று தானே சொன்னதும் ஞாபகம் வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினார்.

தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பஸ்பூஸா பள்ளத்துக்கு முன்னால் குந்தி, நிதானமாக நக்கிக்கொண்டிருந்தாள். பள்ளத்தில் ஒரு கை அளவு பச்சைத் தண்ணீர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே குழாய் முடியும் இடத்தில் ஒரு சொட்டு திரண்டு, ஆடி, பூனையின் தலையில் விழுந்தது. இன்னொரு சொட்டு. அதற்குப் பிறகு இன்னொன்று.

சப்ரி விரலை நீட்டித் தொட்டு நாக்கில் வைத்தார். இனித்தது.

எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. விளங்காமல் இருந்தால் தேவலையே என்று இருந்தது. வண்டி ஆறும்போது ஒழுகியிருக்கிறது. நாலு மணிக்கு தவ்வாப் வாளி வாளியாக ஊற்றி அதைக் கழுவிவிட்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல், பதினெட்டு வருஷத்துப் பழக்கத்தில். அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொன்னது யார்? வெயிலில் நாக்கு வறண்டு குளத்தைத் தேடி வந்த பூனைகளுக்கு இதுதான் கிடைத்திருக்கிறது. விடிவதற்குள் கடைசிச் சொட்டுவரை நக்கித் துடைத்துவிட்டு, அவர் டார்ச் அடித்துப் பார்க்கக் காய்ந்த தரையை விட்டுவிட்டுப் போய்ச் செத்திருக்கின்றன.

பஸ்பூஸாவை வாரி எடுத்தார். அவள் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. மிருக வைத்தியர் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், துக்கியில். அவளை மடியில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு வண்டியை எடுத்தார்.

*

பாலத்தில் ஏறும்போதே முள் ஏறத் தொடங்கிவிட்டது. சப்ரி என்ஜின் சூட்டை உள்ளே இழுக்கட்டும் என்று ஹீட்டரைப் போட்டார், ஜன்னலை இறக்கினார், என்ஜினிடம் கெஞ்சினார். "இன்னைக்கு மட்டும். இன்னைக்கு மட்டும் ஓடிடு." ஆற்றைத் தாண்டும் இடத்தில் ஆவி கிளம்பி வண்டி நின்றது. முன்பு நின்ற இடத்துக்கு நூறு அடிகூட இருக்காது.

ஹாரன்கள் அலறின. அந்தச் சத்தத்தில் பையில் ஃபோன் அடித்தது தாமதமாகத்தான் தெரிந்தது. மணி நாலு. இன்ஷிராஹ் எடுக்கவில்லை போலும்.

"சப்ரி, நான் தவ்வாப். உன் வீட்டுக்காரி ஃபோன் எடுக்கல. பஸ்பூஸா தண்ணி குடிச்சாளா?"

சப்ரி வாயைத் திறந்தார். அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவருடைய பழைய மூளை வேலை செய்யாமல் இல்லை. யாரும் பார்க்கவில்லை. போய் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பள்ளம் சுத்தம். வெயில் தாங்காமல் போய்விட்டாள் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? குழாயை மாற்றிவிட்டால் பூனை சாவதும் நின்றுவிடும். தன்த்தாவில் இருக்கிற மனுஷன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி அங்கேயே இருந்துவிடுவார். மடியில் பஸ்பூஸாவின் வயிறு ஏறி இறங்கியது. மீசையில் பச்சை ஒட்டியிருந்தது.

"குடிச்சா, அண்ணே" என்றார். "என் வண்டித் தண்ணியைக் குடிச்சா. எல்லாப் பூனையும் அதைத்தான் குடிச்சிருக்கு. ஒழுகுது அண்ணே. ரொம்ப நாளா ஒழுகிட்டே இருந்திருக்கு."

சப்ரி மறு கையால் பஸ்பூஸாவின் தலையைத் தூக்கிப் பிடித்தார்.

"இப்ப எங்க இருக்க?" என்றார் தவ்வாப்.

"பாலத்துல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தேன். வண்டி கொதிச்சு நின்னுபோச்சு."

"அந்தச் சனியனை அங்கேயே விட்டுட்டு அவளைத் தூக்கிட்டு ஓடுடா!" என்று தவ்வாப் கத்தினார். அவர் கத்தி சப்ரி கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு குரல் இறங்கியது. "மத்ததை என்கிட்ட சொல்லாத. எனக்கு அது முன்னாடியே தெரியும், நான் விஷம் வைக்கலன்னு. பால்கனியில நின்னு சொன்னியே, அங்க நின்னு சொல்லு. அதே சத்தத்துல."

சப்ரி சாவியை எடுக்காமல், கதவைச் சாத்தாமல் இறங்கினார். தார் காலைச் சுட்டது. சட்டைக்குள் பூனையை அணைத்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடினார். ஒருவன் ஜன்னலிலிருந்து, "பாஷா, வண்டிக்குக் கீழ பாருங்க, ஒழுகுது!" என்று கூவினான். "தெரியும்" என்று அழுதுகொண்டே சொன்னார் சப்ரி.

*

பஸ்பூஸா பிழைக்கவில்லை. இரண்டு நாள் ஊசியும் மருந்தும் ஏற்றிப் பார்த்தார் வைத்தியர். சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள்.

அன்று மாலை நாலு மணிக்கு தவ்வாப் சந்துக்குள் நடந்து வந்தார். கையில் நன்றாக இஸ்திரி போட்டு மடித்த ஒரு வெள்ளைத் துணி. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கரியால் எழுதிய ஷட்டருக்கு முன்னால் போய் நின்றார்.

மேலே சப்ரி பால்கனிக்கு வந்து கம்பியைப் பிடித்தார். பின்னால் இன்ஷிராஹ் நின்றாள். இரண்டு நாளாக அவரோடு அவள் பேசவில்லை.

"பூனைங்க செத்தது என் வண்டியாலதான். ஒழுகினது என் வண்டி" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மைக்ரோபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தேநீர்க் கடையிலிருந்து யாரோ காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்ன சொன்ன சப்ரி? சத்தமா சொல்லு!" என்றார்கள்.

சப்ரி திரும்பவும் சொன்னார். இந்த முறை தொண்டை கிழிய. வண்டி ஒழுகியதையும், தண்ணீர் தெளிப்பதை நிறுத்தச் சொன்னது தான்தான் என்பதையும், தவ்வாப் மேல் சொன்னது அத்தனையும் பொய் என்பதையும், ஒவ்வொன்றாக. சொல்லி முடித்தபோது சந்தின் இரண்டு பக்கத்து பால்கனிகளிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஷட்டரில் எழுதியவன் யார் என்று அப்போதும் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்த எழுத்து கழுவப்பட்டிருந்தது.

பஸ்பூஸாவை அந்த வெள்ளைத் துணியில் சுற்றி, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் புதைத்தார்கள். தவ்வாப் மீண்டும் கடையைத் திறந்தார். துணிகள் வந்தன, முன்பைவிட அதிகமாகவே வந்தன. சப்ரியின் சட்டைகளையும் மறுக்காமல் வாங்கினார், மடிப்புக் கலையாமல் கொடுத்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் வாளியோடு வந்து, முன்போலவே கையால் அள்ளி அள்ளித் தெளித்தார்.

மூன்று கால் நாற்காலி மட்டும் கடைக்குள்ளேயே, சுவரோரம் சாய்ந்து கிடந்தது. சப்ரி குழாய் மாற்றிய வண்டியை மூன்று தெரு தள்ளி எங்கேயோ நிறுத்திவிட்டு, தினமும் வெயிலில் நடந்து வருகிறார். வரும்போது இஸ்திரிக் கடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். நாற்காலி அங்கேயேதான் இருக்கும்.